ஒன்பது செவ்வாய்க்கிழமைகள்



பிறருடைய குற்றங்களைப் பொறுமையோடு செவிமடுப்பது குருக்களாகிய எங்களுக்குப் பழகிப்போன பணி. எங்கள் குற்றத்தை ஊரறிய எடுத்துரைப்பதோ அத்துணை எளிதாக வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் உள்ளத்தில் முள்ளாகத் தைத்திருக்கும் நிகழ்ச்சி ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. ஊரார் அனைவரும் கண்ணால் கண்டது. அந்தப் பிள்ளையின் தாயாரிடம் கேட்டேன். "எழுதுங்க சாமி, இன்னொருத்தி என்னைய மாதிரி அலையக் கூடாது" என்று அவர் சொன்ன பிறகே பேனாவை எடுத்தேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சென்றால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரிசல் காடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டாலோ நடப்பவன் காலை விடாமல் பற்றிக்கொள்ளும். மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் பாசியும் கம்பும் உண்டு. பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசே கதி. அந்தக் காட்டின் நடுவே எழுபது குடும்பங்கள் வாழும் கிளைக் கிராமம் ஒன்று 2004ஆம் ஆண்டில் என் பொறுப்பில் இருந்தது. குருப்பட்டம் பெற்று ஆறாண்டுகளே ஆகியிருந்த காலம். அங்கே புனித அந்தோணியார் பெயரில் ஒரு சிற்றாலயம் உண்டு. சூன் மாதத்தில் திருவிழா.

அந்த ஆண்டுத் திருவிழாவன்று மாலை, சப்பரம் புறப்படும் நேரத்தில் வேட்டு முழங்கியது. பேண்டு வாத்தியம் எழுந்தது. கூட்டத்தினிடையே நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். தன் கையைத் தானே கடித்தான். தாய் இடுப்பில் தூக்கி வைத்தும் அடங்காமல், கோயில் சுவரில் தலையை மோதிக்கொள்ள ஓடினான். பெண்கள் விலகி நின்று சிலுவை அடையாளம் வரைந்தார்கள். "சப்பரத்தக் கண்டதும் உள்ள இருக்கது துள்ளுது பாரு" என்று ஒரு மூதாட்டி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

அப்போது நான் செய்ய வேண்டியது என்ன? வேட்டை நிறுத்தச் சொல்லி, பிள்ளையை அமைதியான இடத்திற்குக் கொண்டு செல்லும்படி சொல்லியிருக்க வேண்டும். நானோ கூட்டத்தின் எதிர்பார்ப்புக்கு இணங்கி, தீர்த்தச் செம்பை வாங்கி அவன்மேல் தெளித்தேன். துளிகள் முகத்தில் பட்டதும் முன்னிலும் பன்மடங்காக அலறினான். அதற்குமேல் ஊராருக்குச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. தீர்த்தத்தைத் தாங்காதது அலகையே என்று அன்றிரவே முடிவாகிவிட்டது. நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் அழுது வந்த அந்தத் தாயிடம், "ஒன்பது செவ்வாய்க்கிழமை ஒருசந்தி இருந்து அந்தோணியாரிடம் நவநாள் செய்யுங்கள் அம்மா. விசுவாசத்தோடு கேளுங்கள். சரியாகிவிடும்" என்றேன்.

'சரியாகிவிடும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இறைவனிடம் நான் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

அவர் தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை பார்த்தவர். செவ்வாய்தோறும் அன்றைய கூலியை இழந்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து, பஸ்ஸில் பிறர் முகம் சுளிப்பதைப் பொறுத்துக்கொண்டு, ஒன்பது வாரமும் தவறாமல் வந்தார். பத்தாவது செவ்வாயன்று பங்களா வாசலில் வந்து நின்றார். "சாமி, ஒம்பதும் முடிஞ்சிருச்சு. இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிடல. என் விசுவாசம் பத்தலையா?" என்று கேட்டார். இன்னும் உருக்கமாகச் செபிக்கும்படி சொல்லி அனுப்பினேன். மருத்துவரிடம் போகலாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் விசுவாசக் குறைவாகிவிடும் என்று அஞ்சியதாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அந்த அச்சத்தை அவர் மனத்தில் விதைத்தவன் நான்.

இதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஊர் இட்ட பெயர்கள் பல. பாட்டி, ஆண்பிள்ளை பேச நாளாகும் என்றாள். பக்கத்து வீட்டார், காது கேட்காத ஊமை என்றார்கள். தந்தையோ, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்று சொல்லி அடித்துத் திருத்த முயன்றார். 2006இல் யாரோ சொல்லி ஒரு மருத்துவரிடம் கொண்டு போனார்கள். அவர் சில நிமிடங்களில், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை, இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கூறி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை பிள்ளையைத் தூங்கவைத்தது. தூங்கும் பிள்ளை அலறுவதில்லை என்பதால் குணமாகி வருவதாக வீட்டார் நம்பினார்கள். பேய், ஊமை, செல்லம், மூளை வளர்ச்சியின்மை என்று நான்கு பெயர்கள் வந்தன. ஒன்றேனும் அவனை உற்றுப் பார்த்து வைத்த பெயரன்று.

உற்றுப் பார்த்தவர் ஒரு கன்னியர். சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி பெற்றவர். 2007இல் விடுமுறை ஞானோபதேச வகுப்புக்காக எங்கள் பங்கிற்கு வந்திருந்தார். ஒருநாள் அந்த வீட்டிற்குச் சென்றபோது, தாய் வீட்டில் ஒட்டுவதற்கு வைத்திருந்த தீப்பெட்டி லேபிள்கள் பல வகையாகக் கலந்து கீழே சிதறிக் கிடந்தன. பையன் அவற்றின் முன் குந்தியிருந்து, படம் பார்த்து இனம் இனமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்திருக்கிறார் அந்தச் சகோதரி. ஒரு லேபிள்கூட இடம் மாறவில்லை. மாலையில் என்னிடம் வந்து அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. "சாமி, இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? ஏதாவது வேண்டுமானால் சுட்டுவிரலை நீட்டிக் காட்டுவானா, அல்லது அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவானா?" முதல் கேள்விக்கு இல்லை என்பதே விடை. இரண்டாவது கேள்வியின் பொருளே அன்று எனக்குப் புரியவில்லை. மூன்றாண்டுகளாக அவனை ஞாயிறுதோறும் பார்த்தவன் நான். அவன் விரல் நீட்டிக் காட்டுவானா என்று எனக்குத் தெரியவில்லை.

சகோதரியின் முயற்சியால் மதுரையில் குழந்தைகளின் மனநலத்தில் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் நாள் குறித்தோம். காலை இரயிலில் தாயும் பிள்ளையும் சகோதரியும் நானும் சென்றோம். அங்கே நான் கண்டது எனக்கு ஒரு மறுகல்வி.

முதல் நாளில் அவர் மருந்து எழுதவில்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் கேள்விகளே கேட்டார். கருவுற்றிருந்தபோது காய்ச்சல் உண்டா? பிறந்தவுடன் அழுதானா? மஞ்சட்காமாலை வந்ததா? தலை எப்போது நின்றது? எப்போது உட்கார்ந்தான், நடந்தான்? முதல் சொல் என்ன? தாய்க்கு மாதக் கணக்குத் தெரியவில்லை. "பருத்தி எடுக்கிற நேரத்துல உக்காந்தான் சாமி. காமநாயக்கன்பட்டி மாதா திருநாளுக்குக் கூட்டிப் போனப்ப நடந்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. பருத்தி எடுப்பு எந்த மாதம், காமநாயக்கன்பட்டித் திருநாள் என்று என்று என்னிடம் கேட்டு, ஆகஸ்டு 15 என்று குறித்துக்கொண்டார். ஒன்றரை வயதுக்குள் 'அம்மா', 'காக்கா' என்று சில சொற்கள் சொன்னதும், பின்னர் அவை மெல்ல மறைந்ததும் அன்றுதான் வெளிவந்தன. யாரும் கேளாததால் தாய் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணேறு பட்டுவிட்டது என்று எண்ணித் தம்முள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தார்.

பின்னர் பிள்ளையை விளையாட விட்டு, ஓர் ஓரமாக அமர்ந்து பார்த்தார். பெயர் சொல்லி அழைத்தார், திரும்பவில்லை. பக்கத்து அறையில் பிஸ்கட் உறையைப் பிரிக்கச் செய்தார்; உடனே திரும்பினான். எனினும் அதை மட்டும் நம்பாமல் செவித்திறன் சோதனைக்கு அனுப்பினார். தைராய்டுக்கு இரத்தச் சோதனை, வலிப்பு உண்டா என்று அறிய மூளை மின்னலைப் பதிவு, பேசத் தேவையில்லாமல் படங்களையும் வடிவங்களையும் கொண்டே அறிவுத்திறனை அளக்கும் உளவியல் சோதனை எனப் பலவும் நடந்தன. மூன்று முறை மதுரைக்குப் போய் வந்தோம். முடிவில், இது ஆட்டிசம் என்றார். தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். செவியில் குறையில்லை, வலிப்பு இல்லை, பேச்சைத் தவிர்த்துப் பார்த்தால் அறிவுத்திறன் அவன் வயதுக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. வேட்டொலி நமக்கு ஒலி. அவனுக்கு அது உடலில் விழும் அடி. முகத்தில் தெறிக்கும் நீர்த்துளியும் அவ்வாறே. "குழாய்த் தண்ணீர் தெறித்தாலும் இப்படித்தானே அலறுவான்?" என்று மருத்துவர் தாயைக் கேட்டார். ஆம் என்று அவர் தலையசைத்தார். நான் தலை குனிந்திருந்தேன். தீர்த்தத்திற்கு அஞ்சிய அலகையின் கதை அந்த ஒரு கேள்வியில் முடிந்தது.

தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது என்னாலயா டாக்டர்?" மருத்துவர் உறுதியாக, இல்லை என்றார். நீங்கள் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்ததன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு என்றார். திரும்பும் வழியில் சாத்தூர் தாண்டும் வரை அந்த அம்மாள் அழுதுகொண்டே வந்தார். துக்கத்தினால் அழுகிறார் என்று எண்ணித் தேற்ற முயன்றேன். "துக்கம் இல்ல சாமி. ஏழு வருசமா இந்த ஒரு வார்த்தைய யாருமே எங்கிட்டச் சொல்லல" என்றார்.

அன்புக் குடும்பத்தாரே, தாயைக் குற்றவாளியாக்கும் இக்கொடுமை படிக்காத பாட்டிமார்க்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக முதன்முதலில் விரிவாக வரைந்து காட்டியவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர். 1943ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் மேனாட்டு அறிஞர் பலர், தாயிடம் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று நூல் நூலாக எழுதினார்கள். குளிர்பதனப் பெட்டி போன்ற தாய் என்று பட்டமும் சூட்டினார்கள். அதை எதிர்த்து 1964இல் நூல் எழுதியவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அவர் உளவியல் அறிஞர். அத்தகைய பிள்ளை ஒன்றின் தந்தையும்கூட. 1969இல் கானரே பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் 1980ஆம் ஆண்டில்தான் ஆட்டிசம் தனித்தலைப்பைப் பெற்றது. அதற்கு முன்பு அது மனச்சிதைவு நோயோடு சேர்த்தே எண்ணப்பட்டது. கற்றறிந்தோர் தடுமாறிய இடத்தில் கரிசல் காட்டுக் கூலித்தாய் தடுமாறியது வியப்பன்று. அவளைத் தாங்க வேண்டிய நான் தடுமாறியதே வருந்தத்தக்கது.

ஏனெனில் நான் அறியாதவனல்லன். குருமடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது வேறு. 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலே, ஒருவரை அலகை பிடித்தவர் என்று எளிதில் நம்பிவிடாதே, நோயுற்றவரிடமிருந்து வேறுபடுத்திப் பார் என்று குருவை எச்சரிக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் எண், ஆயரின் வெளிப்படையான தனி அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தலாகாது என விதிக்கிறது. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், நோய்கள், குறிப்பாக உள நோய்கள், மருத்துவ அறிவியலுக்கு உரியவை என்று தெளிவுபடுத்துகிறது. நான் பேயோட்டும் சடங்கை நடத்தவில்லை என்று வாதிடலாம்; தீர்த்தம்தானே தெளித்தேன் என்று தப்பிக்கலாம். ஆனால் மக்கள் நடுவில் குருவின் மௌனமும் ஒரு போதனையே.

அந்தப் போதனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்றுண்டு. செருமனியில் அன்னலீசு மிக்கேல் என்னும் கத்தோலிக்க இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. ஆயரின் அனுமதியோடே இரு குருக்கள் பத்து மாதங்களில் 67 முறை பேயோட்டும் சடங்கை நடத்தினார்கள். உணவை விட்டு மெலிந்து, 1976ஆம் ஆண்டு சூலை முதல் நாளில், 23ஆம் வயதில் அவர் இறந்தார். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் அக்குருக்கள் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவர்கள் தீயவர்கள் அல்லர், பக்தியுள்ளவர்கள். பக்தி மட்டும் ஓர் உயிரைக் காப்பதில்லை என்பதே பாடம்.

நம் மாநிலத்தில் ஏர்வாடியை யார் மறப்பார்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் நம்பிக்கையோடுதான் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இதைப் பிற சமயத்தாரின் குறையாக எண்ணிவிட வேண்டாம். மனநோயுற்றோரைச் சுமந்துகொண்டு எல்லாச் சமயத் தலங்களையும் நாடிச் செல்வது நம் தமிழ்க் குடும்பங்களின் பொதுவான வழக்கம். நம் திருத்தலங்களும் இதற்கு விலக்கல்ல.

அந்த நாள் ஆண்டவர் உருமாறிய திருநாள். மாற்கு நற்செய்தியில் அந்த மலையிலிருந்து இறங்கியவுடன் ஆண்டவர் யாரைச் சந்திக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். நிலத்தில் விழுந்து நுரை தள்ளும் மகனையும், அவனைச் சீடர்களிடம் காட்டிப் பயன் காணாத தந்தையையும். நற்செய்தியாளர் அதைத் தம் காலத்து மொழியில் தீய ஆவியின் செயல் என்கிறார். அறிகுறிகளோ வலிப்பு நோயோடு ஒத்திருக்கின்றன. இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்துப் பிரசங்கம் செய்திருக்கிறேன். மதுரையிலிருந்து திரும்பிய இரவில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஆண்டவர் அந்தப் பையனைக் குணமாக்குமுன் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது எவ்வளவு காலமாக நேர்கிறது என்று. தந்தை, சிறு வயதிலிருந்து என்று தொடங்கி, தீயிலும் நீரிலும் விழுந்ததையெல்லாம் விவரிக்கிறான். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? சொல்ல வந்தவனைச் சொல்ல விடுவதற்காக என்றே கொள்கிறேன். மதுரை மருத்துவர் அன்று கேட்டதும் அதுவே. ஒன்பது செவ்வாய்களில் ஒருநாள்கூட நான் கேளாததும் அதுவே.

நம் வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் இந்த வரிசையையே வைத்தார்: நோய் இன்னது என அறிதல் முதலில், அதன் காரணம் அடுத்து, தணிக்கும் வழி அதன் பின்னர். காட்டில் பருத்தி இலை பழுத்தால் நம் சம்சாரி உடனே மருந்து அடிப்பதில்லை. தண்ணீர் தேங்கியதா, பூச்சியா, உரக்குறையா என்று இலையைப் புரட்டிப் பார்க்கிறான். பயிருக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

ஒரே போன்ற அறிகுறிக்குக் காரணம் பல இருக்கலாம். பேசாத பிள்ளைக்குச் செவிக்குறை இருக்கலாம். பிறவியிலேயே தைராய்டுச் சுரப்பு குறைந்திருக்கலாம். பிறந்த சில வாரங்களில் கண்டறிந்து நாள்தோறும் மாத்திரை கொடுத்தால் மூளை வளர்ச்சியைக் காக்கலாம், காலம் கடந்தால் இழந்ததை முழுதும் மீட்க இயலாது. வகுப்பில் சில நொடிகள் விழி நிலைகுத்தி நின்று, அடுத்த நொடியில் ஏதும் நடவாததுபோல் இருக்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று அடிக்கிறோம்; அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், மருந்தால் பெரும்பாலும் அடங்கும். வாயால் கேட்டால் எல்லாம் சொல்லி, எழுதச் சொன்னால் எழுத்தைத் தடுமாற்றும் பிள்ளை மக்கன்று. கற்றல் குறைபாடு உடையதாக இருக்கலாம். முன்பெல்லாம் அத்தகைய பிள்ளைகள் படிப்பு ஏறாதவர்கள் என்று தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனார்கள். இன்று தேர்வில் அவர்களுக்குச் சலுகைகள் உள்ளன. உணவை வெறுத்து, அடிக்கடி தலைவலி என்று படுத்துவிடும் வளரிளம்பெண்ணைக் காற்றுக் கருப்பு என்று சொல்லிவிடுகிறோம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். எது என்பதைப் பங்குக் குருவோ பாட்டியோ கைப்பேசியோ தீர்மானிக்க இயலாது.

ஆகவே என் அனுபவத்திலிருந்து சில சொல்வேன். பிள்ளையைப் பற்றி ஐயம் எழுந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எப்போது உட்கார்ந்தான், நடந்தான், பேசினான். எந்த நேரத்தில், எதன் பின்னால் அலறல் வருகிறது. எவ்வளவு நேரம் நீடிக்கிறது. பள்ளி ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தேதியிட்டு எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் திருநாளையும் அறுவடையையும் எழுதுங்கள். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதன் பெயர் என்ன? எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? வேறு எதுவாக இருக்கக்கூடும், அதை எப்படி விலக்கினீர்கள்? இந்த மாத்திரை எதற்கு? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? ஆட்டிசத்தை ஓர் இரத்தச் சோதனையோ ஸ்கேனோ காட்டிவிடாது. பார்த்தும் கேட்டும் அளந்துமே முடிவு செய்ய வேண்டும். ஆதலால் ஐந்து நிமிடத்தில் இடப்பட்ட பெயரை இரண்டாவது மருத்துவரிடம் காட்டிக் கேட்பது அவமதிப்பன்று. அதே வேளை, கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பிள்ளைக்கும் மதுரை மருத்துவர் படிப்படியாகவே குறைத்தார். அடியோடு குணமாக்கித் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை; பயிற்சி உண்டு, அதுவும் இளவயதில் தொடங்கினால் பெரும்பயன் தரும்.

அன்று எங்களுக்கு இல்லாத வசதிகள் சில இன்று உள்ளன. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறிய ஏழு வகைகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் 21 வகைகளில் அதுவும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளன. 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து, குறை கண்டால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பும் திட்டம் நடந்துவருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மனநோயை ஏற்கப்பட்ட மருத்துவ அளவைகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றும், ஊரின் வழக்கத்திற்கோ சமய நம்பிக்கைக்கோ ஒவ்வாததால் மட்டும் ஒருவரை மனநோயாளி எனலாகாது என்றும் கூறுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. எந்த வாசலில் முதலில் தட்டுவது என்று தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அந்தப் பிள்ளை என்னவானான் என்று கேட்பீர்கள். புதுமை ஒன்றும் நடக்கவில்லை. சகோதரி படஅட்டைகளைக் கொண்டு பழக்கினார். எட்டாம் வயதில் தண்ணீர்ச் செம்பின் படத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினான். அன்று அந்த வீட்டில் அது திருநாள். ஒன்பதாம் வயதில் 'அம்மா' என்ற சொல் திரும்பி வந்தது. தந்தை அடிப்பதை நிறுத்தினார். என்ன நோய் என்று தெரிந்தபின் கை ஓங்க மனம் வரவில்லை என்றார். இன்று அவன் இளைஞன். உறவினர் ஒருவர் நடத்தும் கடலை மிட்டாய்க் கடையில் பாக்கெட்டுகளை எண்ணி அடுக்குகிறான். கணக்குத் தவறியதில்லை என்கிறார் கடைக்காரர். பேச்சு குறைவு, கூட்டம் ஆகாது, முன்பின் அறியாதவர் தொட்டால் விலகுவான். தமக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அந்தத் தாயை விட்டு நீங்கவில்லை. அதற்கு என்னிடம் எளிய விடை கிடையாது. பங்குக் குடும்பங்களாகிய நாம் சேர்ந்து தேட வேண்டிய விடை அது.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்த் திருவிழாவில் திருப்பலி நிறைவேற்ற என்னை அழைத்திருந்தார்கள். சப்பரம் புறப்படுமுன் உபதேசியார் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, "இப்ப வேட்டுப் போடப் போறோம், தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்று அந்த வீட்டு வாசலில் சொல்லிவிட்டு வந்தார். பேய் என்று சொன்ன அதே தெருதான். தாயும் மகனும் காட்டுப் பாதையில் கண்மாய்க் கரை நோக்கி நடந்து போவதைக் கண்டேன். அவர்கள் கரையை அடையும் வரை பொறுத்திருந்து, அதன் பின்பே திரியில் நெருப்பு வைத்தார்கள்.

குடும்பத்தாரே, நவநாள் செய்யுங்கள்; அந்தோணியாரிடம் மன்றாடுங்கள். நானும் நாள்தோறும் மன்றாடுகிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வருவோர் புதன்கிழமை மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கே செல்வது விசுவாசக் குறைவன்று. உங்கள் பங்குக் குரு வேறாகச் சொன்னால், இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் அவர்களைச் சுமக்கும் தாய்மாரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.